தாங்குவது யார் கடன்

கண்டிக்கு றக்பி வந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1874இல் தொடங்கிய கண்டி விளையாட்டுக் கழகத்தின் ஆடுகளம் நித்தவெலவில் இருக்கிறது. கிங்ஸ்வூட் கல்லூரியும் ட்ரினிட்டி கல்லூரியும் 1906இல் மோதிய ஆட்டம்தான் இந்நாட்டின் முதலாவது பாடசாலை றக்பி ஆட்டம். றக்பி பார்க்கும் கண்டிக்காரர் எவருக்கும் பாசில் மரிஜாவின் பெயர் தெரியும். கிங்ஸ்வூட்டில் படித்து, கண்டிக் கழகத்துக்கு ஆடி, தேசிய அணிக்குத் தலைமை தாங்கியவர். பந்து அவர் கைக்கு வந்துவிட்டால் பார்ப்பவர் கண் வேறெங்கும் போகாது. அந்தப் புகழுக்கு அவர் முழுக்கத் தகுதியானவர். ஆனால் அந்தப் பந்து அவர் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டால், இரு அணியினரும் பிணைந்து நின்று பந்துக்காகத் தள்ளும் ஸ்க்ரத்துக்குள் குனிந்து பார்க்க வேண்டும். நடுவர் மூன்று கட்டளைகள் கொடுக்கிறார். முதலாவதில் இரண்டு முன்வரிசைகளும் குனிகின்றன. இரண்டாவதில் எதிரெதிரே நிற்பவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் இறுக்கிப் பிடிக்கிறார்கள். மூன்றாவதில் எட்டுப் பேரின் பாரம் எட்டுப் பேரின் பாரத்தோடு மோதுகிறது. உலகத் தரமான அணிகளில் ஒரு பக்கத்தின் எடை மட்டும் 900 கிலோ அளவுக்கு வரும். முன்வரிசையில் இரு புறமும் ப்ரொப், நடுவில் ஹூக்கர். மூன்றாம் இலக்கச் சட்டைக்காரரான ப்ரொப்பின் தலை எதிரணி இருவரின் தலைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும். உரசி உரசிக் காதுமடல் தடித்துச் சுருண்டுவிடும். பின்னால் நிற்பவர் தள்ளுவார், முன்னால் நிற்பவர் விடமாட்டார், இரண்டுக்கும் நடுவே கழுத்தும் முள்ளந்தண்டும். பந்து காலால் பின்னுக்கு உருட்டப்பட்டு வெளியே வந்ததும் பார்வையாளர் அதன் பின்னால் போய்விடுகிறார். ப்ரொப் அப்போதும் புல்லில் முகம் பதித்துக் கிடக்கிறார்.

அமெரிக்கப் புட்போலில் இந்த மறைவு விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. தாக்கும் அணியின் முன்வரிசையில் ஐவர் நிற்பர்: நடுவில் சென்டர், அவருக்கு இரு புறமும் கார்ட், வெளியோரங்களில் டக்கிள். சென்டர் தன் கால்களுக்கிடையால் பந்தைப் பின்னுக்குக் கொடுத்த கணத்திலிருந்து, பந்து வைத்திருப்பவரிடம் எதிரணி நெருங்காமல் உடலால் மறிப்பதும், ஓடுபவருக்கு வழி திறந்துவிடுவதும்தான் அந்த ஐவரின் வேலை. அவர்கள் அணியும் இலக்கங்கள் 50 முதல் 79 வரை. நடுவரிடம் முற்கூட்டியே அறிவித்தால் ஒழிய, முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. ஓடிய தூரம், பிடித்த பந்து, பெற்ற புள்ளி என்று மற்ற ஆட்டக்காரர்களை அளக்கும் அட்டவணைகளில் அவர்களைத் தேடிப் பயனில்லை. ஒலிபெருக்கியில் அவர்களுடைய இலக்கம் ஒலித்தால் அது பெரும்பாலும் பெனல்டிக்காகத்தான் இருக்கும். 2007இல் கிளீவ்லண்ட் பிறவுண்ஸ் அணிக்கு இடப்புற டக்கிளாக வந்த ஜோ தோமஸ், 2017 அக்டோபரில் கைத்தசை கிழியும்வரை, தன் அணி பந்தைத் தொடங்கிய 10,363 தடவையும் ஒன்றுவிடாமல் களத்தில் நின்றார். அந்தப் பதினொரு பருவங்களில் அவருடைய அணி வென்றது 48 ஆட்டங்கள், தோற்றது 128. பருவத்தின் இறுதிச் சுற்றுகளில் ஓர் ஆட்டம்கூட ஆட அவருக்குக் கிடைக்கவில்லை. 2016இல் பதினாறு ஆட்டங்களில் ஒன்றை வென்ற அணி மறு ஆண்டு ஒன்றையும் வெல்லவில்லை. அப்படியும் அவர் காலடி தளரவில்லை. பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்வதென்றால் என்ன என்று கேட்பவருக்கு இந்த மனிதரின் தொழில் வாழ்க்கையைக் காட்டலாம்.

தன்னை மறைத்துக்கொண்டு பிறருக்காகச் சுமப்பதை நம் மரபு மிக உயர்ந்த இடத்தில் வைத்திருக்கிறது. பயிற்றுநர்களும் அந்த மொழியைத்தான் பேசுகிறார்கள்: அணிக்காகத் தியாகம் செய், பெயரை எதிர்பார்க்காதே, தாங்கு. சொல்லப்படும் அறத்தில் பிழையில்லை. அதை யார் யாருக்குச் சொல்கிறார் என்பதில்தான் சிக்கல். பலனைக் கருதாதே என்று ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். அவருடைய உழைப்பின் பலனை அனுபவிப்பவர் அதை அவருக்குச் சொல்லலாமா? சொல்லக்கூடாது என்பதே என் வாதம். பற்றின்மை, செய்பவர் தனக்கு விதித்துக்கொள்ளும் விரதம். பெறுபவருக்கு உரிய கடமை அதற்கு நேரெதிரானது: அந்த உழைப்பைப் பார்க்க வேண்டும், அதற்குக் கொடுக்கப்பட்ட விலையைக் கணக்கில் வைக்க வேண்டும், தாங்கியவரைத் திருப்பித் தாங்க வேண்டும். பெறுபவர் தன் கடமையை விட்டுவிட்டு, அந்த இழப்பையே செய்பவரின் புண்ணியமாகப் போற்றத் தொடங்கினால், அறத்தின் பெயரால் சுரண்டல் நடக்கிறது என்றுதான் பொருள்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக் குறிஞ்சிக்குமரன் கோயில் முதல் நம் ஊர்க் கோயில்கள்வரை தேவாரம் ஒலிக்கிறது. அதில் தொண்டுக்கு இலக்கணமாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது, கையில் உழவாரத்தோடு கோயில் முற்றங்களில் புல் செதுக்கிய அப்பர், திருக்கடம்பூரில் பாடிய பாடல். பணி செய்வதே தன் பொறுப்பு என்று அவர் முடிக்கும் இடத்தைப் பாடசாலைச் சுவர்களிலும் அரச அலுவலகங்களிலும் எழுதி வைத்திருக்கிறோம். அதற்கு முந்திய அடியை எழுதி வைப்பவர் அரிது. அடியவனைத் தாங்குவது ஆண்டவனுடைய பொறுப்பு என்று அப்பர் அங்கே சொல்கிறார். ஆண்டவனின் கடன் முதலில் வருகிறது, அடியவனின் கடன் அடுத்து வருகிறது. ஒன்றை மட்டும் அறுத்தெடுத்து ஊழியரின் தலைக்கு மேலே மாட்டி வைப்பது அப்பருக்குச் செய்யும் அநியாயம். வள்ளுவரும் இதையே இரண்டு அதிகாரங்களாகப் பிரித்து வைத்தார். ஒப்புரவறிதலில் கொடுப்பவரிடம் பேசுகிறார்: மழையைப் போலக் கைம்மாறு நோக்காமல் கொடு என்கிறார். செய்ந்நன்றி அறிதலில் பெற்றவரிடம் பேசுகிறார்: மறந்தால் உனக்கு மீட்சியே கிடையாது என்கிறார். பெற்றவரிடம் போய், கொடுத்தவர் கைம்மாறு கேட்கமாட்டார், நீ நிம்மதியாக இரு என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

கீதையை முன்வைத்து ஒருவர் மறுக்கலாம். உரிமை செயலில் மட்டுமே, பலனில் இல்லை என்று கண்ணன் அருச்சுனனுக்குச் சொன்னது கட்டளைதானே, பிறருக்குச் சொல்லக்கூடாது என்றால் அந்த உபதேசமே நடந்திருக்காதே என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. அதைச் சொன்னவர் எங்கே நின்று சொன்னார் என்று பார்க்க வேண்டும். கண்ணன் பாசறையில் இருந்து ஆள் அனுப்பவில்லை. அருச்சுனனுக்கு முன்னால், அதே தேரில், கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, ஆயுதம் எடுப்பதில்லை என்ற வாக்கோடு நின்றார். வரும் அம்புகளுக்கு அவருடைய உடலும் இலக்கு. போரில் அவரும் காயப்பட்டார். பலனைக் கருதாதே என்று சொல்லும் தகுதியை அவர் அந்த இடத்தில் நின்று சம்பாதித்தார். அதோடு, இரண்டாம் அத்தியாயத்தை மனப்பாடம் செய்பவர்கள் மூன்றாம் அத்தியாயத்தையும் புரட்ட வேண்டும். மனிதரும் தேவரும் ஒருவரையொருவர் பேணி வளர்ப்பதே வேள்வி என்றும், கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் தானே அனுபவிப்பவன் கள்வன் என்றும் அங்கே சொல்லப்படுகிறது. செய்பவருக்குப் பற்றின்மையைக் கற்பிக்கும் நூல், அனுபவிப்பவரைக் கள்வன் என்று எச்சரிக்கவும் செய்கிறது. நாம் நமக்கு வசதியான அத்தியாயத்தை எடுத்துக்கொண்டோம்.

திருப்பித் தாங்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மைக் வெப்ஸ்டரின் வாழ்க்கை இருக்கிறது. பிட்ஸ்பேர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சென்டராக 1974இல் தொடங்கி, கடைசி இரு பருவங்களைக் கன்சாஸ் சிட்டியில் ஆடி, 1990இல் ஓய்வுபெற்றார். அவர் முன்வரிசையில் நிற்க, ஸ்டீலர்ஸ் நான்கு தடவை சம்பியனானது. ஓய்வுக்குப் பின் அவருடைய நினைவும் நிதானமும் குலைந்தன. சில காலம் தன் வாகனத்திலேயே படுத்தெழும்பினார். 2002இல் ஐம்பது வயதில் இறந்தபோது, பிரேதப் பரிசோதனை செய்த வைத்தியர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையில் இடைவிடாத மோதல்கள் விட்டுச்சென்ற சிதைவைக் கண்டார். 2005இல் அது மருத்துவ இதழில் வெளிவந்ததும், தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் லீக்கின் மருத்துவக் குழுவினர் அந்தக் கட்டுரையை மீளப் பெறும்படி கேட்டார்கள். 1994இல் லீக் அமைத்த அந்தக் குழு, நீண்டகாலப் பாதிப்பு எதுவும் இல்லை என்று ஆண்டுக்கணக்கில் எழுதி வந்தது. பின்னர் வழக்குகள் தொடரப்பட்டு, 2015இல் நட்டஈட்டு உடன்பாடு நீதிமன்ற ஒப்புதல் பெற்றது. அப்போதும் கறுப்பின ஆட்டக்காரர்களின் அறிவாற்றல் தொடக்கத்திலேயே குறைவு என்ற அனுமானத்தோடு பரிசோதனைகள் கணக்கிடப்பட்டன. அதனால் அவர்கள் நட்டஈடு பெறுவது கடினமாயிற்று. அதை நிறுத்துவதாக லீக் 2021இல்தான் ஒப்புக்கொண்டது. தாங்கியவர்களைத் தாங்கும் முறை வந்தபோது, அவர்கள் எவ்வளவு இழந்தார்கள் என்பதைக் குறைத்து எடைபோட ஒரு தராசும் கூடவே வந்தது. இதை வாசிக்கும்போது எனக்கு வரும் கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

2017இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த லீக்கில் ஆடிய 111 பேரின் மூளைகளில் 110இல் அதே சிதைவு காணப்பட்டது. குடும்பத்தினர் ஏற்கெனவே சந்தேகப்பட்டுத் தானம் செய்த மூளைகள் அவை, எனவே எல்லா ஆட்டக்காரர்களுக்கும் அந்த விகிதத்தைப் பொருத்தக்கூடாது என்று சொல்லப்படும் மறுப்பு சரியானது. ஆய்வாளர்களே அதை ஏற்கிறார்கள். விகிதம் எதுவாயினும் ஆபத்து உண்மை என்பது மாறாது. அந்த ஆய்வு வெளியான இரண்டு நாளில் பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் கார்ட் ஜோன் அர்ஷல் 26 வயதில் விளையாட்டை விட்டார். அவர் எம்.ஐ.டி.யில் கணிதத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். அவர் விட்டது சரியா, மற்றவர்கள் தொடர்ந்தது பிழையா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அவர் தெரிந்து முடிவெடுத்தார், வெப்ஸ்டருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். தன்னைத் தானே ஒப்புக்கொடுப்பதற்கு, எதை ஒப்புக்கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

றக்பிக்கு வந்தால் விஷயம் இன்னும் ஆழமாகிறது. 2003 உலகக் கிண்ணத்தை வென்ற இங்கிலாந்து அணியின் ஹூக்கர் ஸ்டீவ் தொம்சன், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே தனக்கு மறதிநோய் வந்துவிட்டதை 2020 இறுதியில் வெளிப்படுத்தினார். அந்த உலகக் கிண்ணத்தை வென்றதே தனக்கு நினைவில் இல்லை என்றார். பற்றின்மையைப் பேசும் எந்தத் தத்துவமும் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். பலனைத் துறப்பவருக்குப் பலன் என்னவென்று தெரியும். தன் கையில் இருப்பதை, இருக்கிறது என்று அறிந்தே, விடுகிறார். அந்த அறிவுதான் துறவுக்கு மதிப்பைத் தருகிறது. தொம்சனிடமிருந்து பலன் மட்டும் போகவில்லை, பலனைத் துறக்கக்கூடிய மனமே கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. சைவ சித்தாந்தம் உடலை உயிருக்கு இறைவன் கொடுத்த கருவி என்கிறது. இருளில் கிடக்கும் உயிர் அறிவு பெறுவதற்காகவே தனுவும் கரணமும் தரப்பட்டன என்கிறது. மனமும் புத்தியும் அந்தக் கரணங்களைச் சேர்ந்தவை. கால்மூட்டைக் கொடுப்பது ஒன்று, அறியும் கருவியையே கொடுப்பது இன்னொன்று. முதலாவதைத் தியாகம் என்று மதிக்கலாம். இரண்டாவதை, அதுவும் தெரியாமல் கொடுக்கப்பட்டதை, அந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் இடம்தரவில்லை.

அவர்கள் கோடிக்கணக்கில் டொலர் வாங்கியவர்கள், விரும்பி வந்தவர்கள், இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்பது அடுத்த மறுப்பு. ஜோ தோமஸ் செல்வந்தர்தான். 2023இல் அவருடைய பெயர் புகழ் மண்டபத்திலும் சேர்க்கப்பட்டது. ஆட்டக் காலத்தில் 140 கிலோ அளவில் வைத்திருந்த உடலை ஓய்வுக்குப் பின் இருபது கிலோவுக்கு மேல் குறைக்கவும் அவரால் முடிந்தது. ஆனால் சம்பளம் உழைப்புக்குக் கொடுக்கப்படுவது. ஆபத்தை மறைக்கும் உரிமையைச் சம்பளம் கொடுத்து வாங்க முடியாது. விருப்பம் என்ற வாதத்துக்கும் இதே விடைதான்: மறைக்கப்பட்டதை எவரும் விரும்பித் தேர்ந்திருக்க முடியாது. அந்தப் பணம்கூட நம் நாட்டு முன்வரிசைக்காரர்களுக்கு இல்லை. றோயல் கல்லூரியும் ட்ரினிட்டியும் 1945 முதல் ஆடிவரும் பிராட்பி கேடய ஆட்டங்களில் ஸ்க்ரத்தை இறுக்கிப் பிடிக்கும் பதினெட்டு வயதுப் பெடியனுக்குக் கிடைப்பது கல்லூரியின் பெருமையில் ஒரு பங்கு. அது சிறிய விஷயமில்லை. அந்த வயதில் அதைவிடப் பெரிதாக எதுவும் தோன்றாது. அதனாலேயே அவனுடைய விருப்பத்தை மட்டும் காட்டிப் பெரியவர்கள் ஒதுங்கிவிட முடியாது.

இந்த மலைநாட்டில் இருந்துகொண்டு மறைவான உழைப்பைப் போற்றுவதற்கு முன் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயரை எல்லோரும் அறிவோம். அந்தச் சரிவுகளில் காடு வெட்டி, கல் அகற்றி, கன்று நட்ட தமிழ்த் தொழிலாளரின் பெயர்களை அறியோம். நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்த அந்தச் சமூகத்தின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கைகளாகப் பங்கு போட்டது. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாவாக 2021வரை போராட வேண்டியிருந்தது. அவர்களுடைய பொறுமையைப் புகழ்ந்த மேடைப் பேச்சுகளுக்கு மட்டும் எந்தக் காலத்திலும் குறைவிருக்கவில்லை. றக்பி முன்வரிசைக்காரரையும் கொழுந்து பறிப்பவரையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஒருவருக்கு விலகிப்போக வழி உண்டு, மற்றவருக்குத் தலைமுறைகளாக லயத்து அறையைத் தவிர வழி இருக்கவில்லை. ஆனால் புகழ்ச்சி இரு இடத்திலும் ஒரே வேலையைச் செய்கிறது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவர் வெட்கப்படாமல் இருக்க அது உதவுகிறது.

இன்னொரு மறுப்பு ஆன்மிகப் பக்கத்திலிருந்து வருகிறது. எல்லாவற்றிலும் வலுவானது அதுதான். மறைவாக இருப்பதே அகங்காரத்திலிருந்து காப்பு, வெளிச்சம் பட்டால் தொண்டு கெட்டுவிடும், ப்ரொப்புக்குப் புகழ் தேடிக் கொடுப்பது அவருக்கே செய்யும் தீங்கு என்பார்கள். இதில் உண்மை உண்டு. ஸ்க்ரத்துக்குள் எட்டுப் பேரும் ஒரே உடலாக நகரும் கணத்தில் நான் என்பது கரைந்து போவதாக ஆடுபவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன், மதிக்கிறேன். ஆனால் பெயர் சொல்லி நன்றி பாராட்டுவதால் தொண்டு கெட்டுவிடும் என்றால் சுந்தரர் திருத்தொண்டத் தொகையைப் பாடியிருக்க மாட்டார். துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டரும், பானை வனைந்த திருநீலகண்டரும், மீன் பிடித்த அதிபத்தரும் தங்கள் பெயரை யாரும் பாட வேண்டும் என்று கேட்கவில்லை. அவர்கள் கேளாதிருந்தது அவர்களுடைய பண்பு. பின்னால் வந்தவர்கள் தேடித் தேடிப் பாடியது பின்னால் வந்தவர்களுடைய பண்பு. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர்கள் ஒவ்வொருவரின் தொழிலையும் ஊரையும் எழுதி வைத்தார். அத்தோடு, தனிப் பெயர் தெரியாத அடியவர்களுக்காகத் தொகையடியார் என்று ஒன்பது கூட்டத்தாரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பெயர் கிடைக்காதவர்களையும் விட்டுவிடாத அந்தக் கவனம் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது.

புகழ் மட்டும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெயரைப் பாடிவிட்டுக் கழுத்தை முறிய விட்டால் அது நன்றியாகாது. திருப்பித் தாங்குவதன் உறுதியான வடிவம் சட்டமும் பராமரிப்பும். றக்பி விதிகளில் அதற்கு நல்ல முன்மாதிரிகள் ஏற்கெனவே இருக்கின்றன. பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரத்தை ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக்கூடாது. முன்வரிசைக்குப் பயிற்சி பெற்ற மாற்றாள் இல்லாவிட்டால் தள்ளலே இல்லாத ஸ்க்ரம்தான். இந்த விதிகளால் ஆட்டம் மென்மையாகிவிட்டது என்று குறைப்படுபவர்கள், கழுத்து யாருடையது என்று கேட்டுப் பார்க்கலாம்.

கண்டியில் அதிகம் பேருக்குத் தெரிந்த பௌத்த விநயக் கதை ஒன்று இங்கே பொருந்தும். வயிற்றுநோயால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவைப் புத்தர் காண்கிறார். ஏன் எவரும் இவரைக் கவனிக்கவில்லை என்று கேட்க, இவர் எங்களுக்கு ஒரு வேலையும் செய்வதில்லை, அதனால் கவனிக்கவில்லை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். புத்தரும் ஆனந்தரும் அவரைத் தூக்கிக் கழுவிப் படுக்க வைக்கிறார்கள். எனக்குத் தொண்டு செய்ய விரும்புபவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார் புத்தர். ஆட்டத்தை விட்ட முன்வரிசைக்காரரிடம் கழகத்துக்கோ கல்லூரிக்கோ இனி ஒரு வேலையும் இல்லை. அவருக்குத் தலையில் அடிபட்ட ஒவ்வொரு தடவையும் திகதியோடு எழுதப்பட்ட பதிவேடு ஒன்று இருக்க வேண்டும். அதன் பிரதி அவர் விலகும் நாளில் அவர் கையில் கொடுக்கப்பட வேண்டும். நாற்பது வயதில் சாவியை எங்கே வைத்தோம் என்று அவர் தடுமாறத் தொடங்கினால், பேராதனை ஆஸ்பத்திரியில் நரம்பியல் வைத்தியரிடம் காட்டுவதற்கு அது அவரிடம் இருக்கும்.